மேற்கோளில் விட்டுப்போன பாதி

என் நாவல் விற்கிற இணையப் பக்கத்தில் நாலு பேர் பாராட்டிச் சொன்னதைச் சேர்க்க வேண்டும் என்று பதிப்பாளர் போனில் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அட்டைப்படம் இருக்கிறது, விலை இருக்கிறது, கதைச் சுருக்கம் இருக்கிறது, இன்னும் என்ன? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துணிக்கடை வாசலில் ஆளை நிறுத்தி 'வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா' என்று கூவ விடுவார்களே, அந்த வேலையையும் எழுதினவளே பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "உங்க புத்தகத்துக்கு உங்கள விட்டா வேற யாருங்க இருக்கா?" என்றார் அவர். பக்கத்தைத் திருத்துவதற்கான கடவுச்சொல்லை அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அந்தக் கடவுச்சொல்லை எங்கேயாவது தொலைத்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. தொலைக்காமல் இருந்ததே நல்லது என்று வேறு சில நாள் தோன்றுகிறது. எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

திருச்செங்கோட்டில் எங்களுக்கு ஒரு கடை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளுக்கு வேண்டிய ஹேமர், பிட், காற்று போகிற ஹோஸ் குழாய், வால்வு என்று எல்லாம் விற்கிறோம். வியாபாரத்தை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பில் போடுகிற மேசையில் உட்கார்ந்து நான் கதை எழுதுவேன். "எங்கூட்டுல ரெண்டு யாவாரமுங்க. ஒண்ணுல இரும்பு, இன்னொண்ணுல பொய்யி" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்துக்கொள்வேன். மழை பிடித்தால் வடமாநிலங்களுக்குக் கிணறு போடப் போன லாரிகள் ஊர் திரும்பும். ஆட்கள் கடைக்கு வந்து சாமான் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போன கதையைச் சொல்வார்கள். நான் பில்லைத் தப்பாகப் போட்டுவிட்டுக் காதை அங்கே வைத்திருப்பேன்.

என் நாவல் அப்படிக் கேட்டதில் பிறந்தது என்றுதான் முன்னுரையில் எழுதினேன். அது பாதி உண்மை. மீதி என் சித்தி மகளிடமிருந்து வந்தது.

கூடப்பிறந்த தங்கை எனக்கு இல்லை. அந்தக் குறையை இவள்தான் தீர்த்தாள். வெண்ணந்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் வீட்டுக்காரர் ரிக்கில் துளை போடுகிற டிரில்லர். ஒரு கோடையில் வடக்கே போன லாரி மழைக்குத் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. "ரயில் டேசன்ல எறங்கி, ஊருக்குப் போறன்னு பையத் தூக்கிட்டுப் போனானுங்க" என்றார் லாரி முதலாளி. கூடப் போன ஆட்களும் அதையே சொன்னார்கள், எல்லோரும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை கூடக் குறையாமல். போலீசில் எழுதிக் கொடுத்தோம். வடக்கே போய் யாரும் தேடவில்லை. வருஷங்கள் போயின. தன் மகன் எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான், அதற்கு மருமகளின் குணம்தான் காரணம் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். அதைச் சாப்பாடு போடும்போதும் சொல்வார், விருந்தாளி வந்தாலும் சொல்வார். தங்கை நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் பூவுமாக அதே வீட்டில் இருந்துகொண்டு, தறி ஓட்டி, மகளை வளர்த்தாள்.

அவளைக் கேட்டுக்கொண்டுதான் நாவலைத் தொடங்கினேன். "கதைல அவர என்ன வேணாப் பண்ணிக்கங்கக்கா. எனக்கு அவரு வந்துருவாருங்க" என்றாள். நான் கதையில் அவரைக் கொன்றேன். கம்ப்ரசர் காற்றின் வேகத்தில் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு, கிறுக்குப் பிடித்த பாம்பாகச் சுழன்று ஆளை அடித்துப் போடுகிற விபத்தைப் பற்றிக் கடையில் கேட்டிருந்தேன். அதை எடுத்து வைத்தேன். அதே நொடியில் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த ஜனம் தண்ணீரைப் பார்த்துக் கூத்தாடுகிறது. செத்தவரை யாரும் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் போன் அணைந்து கிடக்கிறது. அந்தப் போன் விஷயத்தைத் தங்கையிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து பேச்சு நின்றுபோன அன்றைக்குக் கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப் என்று வந்ததாகத்தான் அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

சரி, பாராட்டு விஷயத்துக்கு வருகிறேன். பாராட்டைத் திரட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சேலத்தில் ஒரு மூத்த எழுத்தாளர் ஒரு பக்கம் கூடப் புரட்டாமல் 'மண்ணின் மணம் கமழும் படைப்பு' என்று எழுதி அனுப்பினார். என் நாவலில் மண்ணே கிடையாது, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பாறைத்தூள்தான். இஞ்சினியரிங் கல்லூரியில் தமிழ் நடத்துகிற ஒருவர் 'முதல் பாதி பறக்கிறது, ஆனால் பிற்பாதி இழுவை' என்று சொன்னார். சேலத்தில் மாதா கோயில் பக்கம் குடியிருக்கும் என் சிநேகிதி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ், 'கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அந்த ஆன்மாவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்' என்று எழுதினாள். கதையில் வருகிற ஆளுக்கு மெழுகுவத்தியா என்று கூப்பிட்டுக் கேலி செய்தேன். எப்போதும் என்னோடு சேர்ந்து சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பதிப்பாளர் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். "ஆனால்னு எங்க வருதோ அதுக்கு முன்னாடியே வெட்டிருங்க. நடுவுல எதையாவது தூக்கினா மூணு புள்ளி வெச்சுக்கங்க. எல்லாப் பதிப்பகமும் இதத்தான் பண்ணுது." கல்லூரிக்காரர் சொன்னதில் 'முதல் பாதி பறக்கிறது' மிஞ்சியது. பிறகு 'முதல் பாதி' எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டு 'பறக்கிறது' என்று மட்டும் போட்டேன். வெட்ட வெட்ட அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. என் புத்தகம் என் கண்ணெதிரே நல்ல புத்தகமாகிக்கொண்டே வந்தது.

பதிப்பகத்தின் பக்கத்திலேயே வாங்கினவர்கள் கருத்து எழுதும் இடம் ஒன்று இருந்தது. பாதிப் பேர் பார்சல் கசங்கி வந்ததைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் இது இருந்தது:

'படிக்கும்போது கம்ப்ரசர் சத்தம் காதில் கேட்டது. ஹோஸ் பிடுங்கி அவரை அடித்தது அப்படியேதான். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, புகைதான் வந்தது. போனும் அணைந்திருக்கவில்லை. அவர் பையில் அடித்துக்கொண்டே இருந்தது.'

புகை என்றால் இந்தத் தொழிலில் வெறும் தூசி. எவ்வளவு ஆழம் போனாலும் ஈரமில்லாமல் பாறைத்தூளே வந்தால் 'புகையாப் போச்சு' என்பார்கள். ரிக்கில் வேலை பார்த்த ஒரு வாசகர் எனக்குத் திருத்தம் சொல்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. என் கதையில் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று இவர் யார் சொல்ல? புத்தகம் போட்ட நாளிலிருந்து இந்தத் தொல்லைதான். கதையில் வருகிற மாமியார் தன் சொந்த அத்தை என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். 'அன்றைக்கு' என்ற வார்த்தை என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. சூத்திரப்படி 'ஆனால்' வருகிற இடத்தில் வெட்டினேன். முழுவதையும் போனில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இப்படிப் போட்டேன்:

'படிக்கும்போது கம்ப்ரசர் சத்தம் காதில் கேட்டது... அப்படியேதான்.' — ஒரு வாசகர்.

மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாகவே அதை வைத்தேன். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கடையில் ஏதோ மாறியது. எப்போதும் வந்து மேசையில் சாய்ந்துகொண்டு கதை பேசுகிற ரிக் ஆட்கள் சாமானை வாங்கினதும் கிளம்பினார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், வீட்டுக்காரர் வரும்வரை வெயிலிலேயே நின்றார். "என்னங்க, உங்க கதைல என்னையும் சேத்துப்போடுவீங்கன்னு பயமா?" என்று நான் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இல்லீங்கக்கா" என்றார். சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் அந்த லாரி முதலாளி வந்தார். தங்கையின் வீட்டுக்காரர் யாருடைய லாரியில் போனாரோ அவரேதான். எங்களுக்குப் பழைய வாடிக்கை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எறும்புக்கும் வலிக்காத பேச்சு. வீட்டுக்காரர் பாங்குக்குப் போயிருந்தார். அது தெரிந்துதான் வந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

"அம்மிணி, புஸ்தகமெல்லாம் எழுதறீங்களாமா?"

"சும்மா, பொழுது போகறதுக்குங்க."

"நானும் பாத்தனுங்க. என்ற மருமவன் போன்ல காட்டுனாப்டி. கம்ப்ரசர் சத்தம் காதுல கேக்குதுன்னு ஒருத்தரு எழுதியிருக்காருங்களே."

"ஆமாங்க."

"ஏனுங்க அம்மிணி, அவரு சொன்னத முழுசாப் போடாம பாதியோட நிறுத்திட்டீங்க?"

அவரே பதிலும் சொன்னார். "நிறுத்துனதுதானுங்க நல்லது. அவனும் எழுதுனத எடுத்துட்டானுங்க. நாந்தான் சொல்லி எடுக்க வெச்சன். பொழைக்கோணுமில்லீங்களா." எழுந்து போய், மூலையில் சுருட்டி வைத்திருந்த காற்று ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்தார். "இது கெட்டியா இருக்குதுங்களா இப்ப? முன்னால உங்க கடைல வாங்குனது ஒண்ணு, வடக்க, பாதி வேலைல பிச்சுகிச்சுங்க. போச்சாது போன்னு உட்டுட்டன். ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போகோணுமுங்களே. வாரனுங்க அம்மிணி."

அவர் போன பிறகும் ஹோஸின் மேல் அவருடைய கை பதிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்தைத் திறந்தேன். பார்சல் கசங்கினதாகச் சொன்னவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்த வாசகரின் கருத்து இல்லை. மேலே, நான் வெட்டி ஒட்டிய பாதி மட்டும் இருந்தது. போனில் வைத்திருந்த நகலை எடுத்து மறுபடி படித்தேன். 'அன்றைக்கு'. 'அவர் பையில்'. அது என் கதையைப் பற்றிய கருத்தே இல்லை. எழுதினவர் கூட நின்று பார்த்திருக்கிறார். நான் கற்பனை என்று எழுதியது நடந்திருக்கிறது. என் தங்கையின் வீட்டுக்காரர் எந்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை. அவர் செத்துவிட்டார். நான் அந்தச் சாவை அறுத்து, மூன்று புள்ளி வைத்து, என் புத்தகத்துக்கு விளம்பரமாக மாட்டியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஹோஸு நாம குடுத்ததுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல புள்ள. அந்தாளு வாங்காத சாமானே நம்ம கடைல இல்ல. குடுத்தம்னும் சொல்ல முடியாது, குடுக்கலைன்னும் சொல்ல முடியாது." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வரிய எடுத்துரு. அடியோட எடுத்துரு. ஊர்ல இருக்கற ரிக்குக்காரனெல்லாம் அவுரு பேச்சத்தான் கேப்பான். நாளைக்குக் கடைக்கு ஒருத்தன் வரமாட்டான்" என்றார்.

"அவரு செத்ததுக்குச் சாட்சின்னு இந்த உலகத்துல இருக்கறதே அந்த அரை வரிதானுங்க. அதையும் எடுக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து ஷட்டரை முழுவதும் இறக்கினார். ஆனால் எனக்கு எரிச்சல் அவர் மேல் இல்லை, என் மேல்தான்.

தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தம் நெருங்கியிருந்தது. ஆத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. பெண்ணின் அப்பா காணாமல் போனவர் என்று தெரிந்தே, 'வந்துருவாரு' என்று நல்ல வார்த்தை சொல்லிக் கட்டிக்கொள்ள வந்தவர்கள். சாவு என்று தெரிந்தால் கல்யாணம் நிற்கும். வருஷம் கழியட்டும் என்பார்கள், தள்ளிப்போனது அப்படியே நின்றும் போகும். நடந்தாலும் பெற்றவள் ஓரமாக நிற்க வேண்டும். ஆரத்தித் தட்டைத் தொடக்கூடாது, மகளுக்கு நலங்கு வைக்கக்கூடாது. சொல்லாமல் விட்டால் அவள் செத்த மனிதருக்காகக் காத்துக்கொண்டே இருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் நான் அவளுக்குக் கெட்டதுதான் செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வெண்ணந்தூர் போவதற்கு ராசிபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

வீடு சுண்ணாம்பு வாடையடித்தது. மாமியார் வாசலில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வா சாமி. ஓடுனவன் இல்லாமயே அவன் புள்ளைக்குக் கல்யாணம் நடக்குது பாத்தியா" என்றார். தங்கை என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தறிக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். தறியை ஓட விட்டாள். அந்தச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும்.

"அக்கா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

தறியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"அந்த வாசகரு எழுதுனத நான் முழுசாப் படிச்சுட்டனுங்க. நீங்க வெட்டறதுக்கு முந்தியே. புஸ்தகம் வந்ததுல இருந்து தெனமும் அந்தப் பக்கத்தப் பாப்பனுங்க, யாராச்சும் எதையாச்சும் எழுதியிருக்காங்களான்னு. எங்கூட்டுக்காரரோட வேல செஞ்சவங்க ஒருத்தராச்சும் படிக்க மாட்டாங்களான்னுதானுங்க உங்கள எழுதவே உட்டன்."

"அது வேற யாரையாவது பத்திச் சொன்னதா இருக்கலாம்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல்தான் சொன்னேன்.

"இல்லீங்கக்கா. போன் அணைஞ்சு கெடக்கல. அன்னைக்குப் பூராம் நான் கூப்பிட்டனுங்க, அடிச்சுகிட்டேதான் இருந்துச்சு. அடிச்சும் எடுக்கலைன்னு சொன்னா அத்தை என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டி போன எடுக்காத அளவுக்கு இவ என்ன பண்ணுனாளோன்னு சொல்லுவாங்க. அதுக்காவ அணைஞ்சிருக்குதுன்னு சொல்லிட்டன். அது அடிச்சது எனக்கு மட்டுந்தானுங்க தெரியும். இப்ப எழுதுனவரும் சொல்றாரு."

இதைச் சொல்லும்போது அறுந்துபோன ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண்ணீர் முட்டியது. நான் விம்மினதைத் தறிச் சத்தம் விழுங்கிக்கொண்டது. "அழுவாதீங்கக்கா. கண்ணு செவந்திருந்தா அத்தை கேப்பாங்க" என்றாள்.

பிறகு சொன்னாள்: "பாதியத்தானுங்களே போட்டிருக்கீங்க? அந்தப் பாதியே இருக்கட்டுங்க. எடுத்தும் போடாதீங்க, சேத்தும் போடாதீங்க. புள்ள கழுத்துல தாலி ஏறட்டும். அது வரைக்கும் நான் கட்டுக்கழுத்திதானுங்க. பொறவு சொல்றன்."

வெளியே வந்தோம். "இத்தன நேரமா என்ன பேச்சு?" என்று மாமியார் கேட்டார். "சேலை எடுக்கறதப் பத்திங்கத்தை" என்றாள் தங்கை. ஒரு சுருக்கம் கூட அந்த முகத்தில் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

முகூர்த்தம் வரை நான் நானாக இல்லை. பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். யாராவது முழுசையும் நகல் எடுத்து வேறெங்காவது போட்டுவிட்டால்? மாப்பிள்ளை வீட்டில் யாராவது படித்துவிட்டால்? முதலாளியின் லாரி ஒன்று எங்கள் கடைக்கு எதிரே வந்து நின்றுகொண்டது. பழுதும் இல்லை, வேலையும் இல்லை, சும்மா நின்றது. அதன் நிழல் பிற்பகலில் எங்கள் படிக்கட்டு வரை ஏறும். அவர் ஆள் தினமும் வந்து ஒரு நட்டோ போல்ட்டோ வாங்கிக்கொண்டு, "மொதலாளி கேட்டாருங்க, அக்கா சௌரியமான்னு" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்படி ஒரு நலம் விசாரிப்பு யாருக்கும் வேண்டாம். நாவல் சில பிரதிகள் கூடுதலாக விற்றதாகப் பதிப்பாளர் சந்தோஷமாகக் கூப்பிட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதலாளி குடும்பத்தோடு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். தங்கை சந்தனக் கிண்ணத்தோடு நேரே அவரிடம்தான் போனாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"வாங்கண்ணா. பாத்து வெகு நாளாச்சுங்க."

"எல்லாம் நல்லபடியா நடக்குது பாத்தியா சாமி. அவன் இருந்து பாக்க வேண்டியது."

"அவரு வருவாருங்களாண்ணா?"

"வருவான் சாமி. எங்க போயிருவான்?"

"உங்க வாக்குப் பலிக்கட்டுங்க. சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று கும்பிட்டாள். அவள் கும்பிட்ட கை இறங்குகிற வரை அவர் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தார். அவளும் பார்த்தாள். மேடைக்கு வரச் சொல்லிப் பெரியவர்கள் சத்தம் போட்டார்கள்.

அப்பா அம்மா ஜோடியாக இருந்து செய்ய வேண்டியதை, பெரியம்மா பெரியப்பா என்ற முறையில் நானும் வீட்டுக்காரரும் செய்தோம். தாரை வார்க்கும்போது என் கையிலிருந்த சொம்பு ஆடி, தண்ணீர் பாதி தரையில் கொட்டியது. தங்கை ஆரத்தி சுற்றினாள். தட்டில் சிவப்புத் தண்ணீர் அசையக்கூட இல்லை. அந்தப் பந்தலிலேயே பெரிய பொட்டு அவளுடையதுதான்.

மகளை மறுவீடு அனுப்பி, பந்தல் பிரித்து, சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு கடையில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"அக்கா, மீதியையும் போட்டுருங்க."

அதுவரை நான் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. சொன்னேன். "அந்த ஹோஸு எங்க கடையில வாங்குனதுன்னு மொதலாளி சொல்றார். பொய்யா இருக்கலாம். நெசமாவும் இருக்கலாம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறியை அவள் நிறுத்துவது கேட்டது.

"இருந்தா இருக்கட்டுங்கக்கா" என்றாள். "எனக்கு இப்ப யாரு கூடவும் சண்டையில்ல. அவரு என்னிய உட்டுட்டு ஓடிப்போகலைன்னு எங்கியாச்சும் எழுதியிருக்கோணும். இந்த ஊட்டுல இருக்கறவங்க அதப் படிக்கோணும். அவ்வளவுதானுங்க."

அந்த வாசகரிடம் சம்மதம் கேட்கச் சொல்லிப் பதிப்பாளரிடம் சொன்னேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: 'போடுங்க, நான் இப்போது அவர் லாரியில் இல்லை.' வீட்டுக்காரரிடம் சொன்னேன். எதிரே நின்ற லாரியையும், கடைக்குள் இருந்த சரக்கையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரும்பு, பொய் என்று ஏதாவது கேலி சொல்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். "போடு" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தைத் திறந்தேன். 'மண்ணின் மணம்', 'பறக்கிறது' எல்லாவற்றையும் எடுத்தேன். புள்ளிகளையும் எடுத்தேன். அவர் எழுதியதை எழுதியபடி, ஓர் எழுத்துக்கூட விடாமல் வைத்தேன். இத்தனை நாள் வெட்டின கைக்கு ஒட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது. சேமித்தவுடன், மாற்றங்கள் தெரியச் சற்று நேரம் ஆகலாம் என்று ஒரு அறிவிப்பு வந்தது.

தங்கை கூப்பிட்டாள். "வந்துருச்சுங்களாக்கா?"

"இன்னும் வரலை."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். "வந்துருச்சுங்களா?" இத்தனை வருஷமும் ஊரில் இருக்கிறவர்கள் அவளைக் கேட்ட கேள்வி இதுதான். ஒவ்வொரு தடவையும் 'வந்துருவாருங்க' என்று சொல்லி அனுப்பியவள். எனக்கு அந்த நேரத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அவள் வெண்ணந்தூரில் இருந்தாள்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவள் கேட்கவில்லை. "வந்துருச்சுங்கக்கா" என்றாள். இணைப்பைத் துண்டிக்காமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள் போல. கொலுசுச் சத்தம் கேட்டது. பிறகு அவள் படிக்கிற குரல் கேட்டது. கம்ப்ரசர், ஹோஸ், புகை, போன் என்று நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல, மாமியாருக்குப் படித்தாள். அவள் முடித்ததும் இணைப்பு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், போகவில்லை.

"என்ற சாமீ..." என்று மாமியாரின் குரல் வந்தது. "நீ ஓடிப்போகலையா சாமீ... ஓடிப்போகலையா..." அந்த வீட்டில் இத்தனை வருஷம் அழாமல் வைத்திருந்த அழுகை முழுக்க அந்தக் குரலில் வந்தது. அதற்குப் பின்னால், மெதுவாக, என் தங்கையும் அழத் தொடங்கினாள்.

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மேசை மேலிருந்த வீட்டுக்காரரின் போன் அடித்தது. லாரி முதலாளி. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. தெருவில் அந்த லாரியை யாரோ ஸ்டார்ட் செய்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.